குண்டு விழுந்த மண்ணை யார் அளப்பது?

காஷ்மீரின் பட்காம் மாவட்டத்தில் தோசமைதான் என்ற பெரிய மேய்ச்சல் வெளி இருக்கிறது. 1964இல் பீரங்கிப் பயிற்சிக்காக அதை ராணுவத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை முடிய 2014 ஆயிற்று. இந்த 50 ஆண்டுகளில் ஆடு மேய்க்கப் போனவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள், பளபளப்பாகக் கிடந்ததைக் கையில் எடுத்த பிள்ளைகள் என 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கை கால் போனவர்கள் தனிக் கணக்கு. அந்தக் கணக்கையும் அரசு தானாகத் தரவில்லை. ஊர் மக்களும் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தவர்களும் விடாமல் கேட்டு வாங்கினார்கள். 2014இல் ராணுவம் வெளியை அலசித் தேடி, வெடிக்காமல் கிடந்த குண்டுகளை அகற்றியது. அதற்குப் பிறகும் அங்கே குண்டு வெடித்து உயிர் போயிருக்கிறது. 2016இல் சுற்றுலாத் தலமாகத் திறந்துவிட்டார்கள்.

இந்த வரலாறு முழுக்க எண்ணிக்கைக்கு வந்தவை இரண்டுதான்: செத்த மனிதர்கள், வெடிக்காத குண்டுகள். வெடித்த குண்டுகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அரை நூற்றாண்டாக விழுந்து வெடித்தவற்றின் மருந்து எங்கே போனது? அந்த வெளியிலிருந்து இறங்கும் ஓடைகளைத்தானே கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன?

இதையெல்லாம் தலித் அரசியல் பேசும் நாம் ஏன் பேச வேண்டும் என்று சில இளம் தோழர்கள் கேட்கலாம். 1927இல் மகாடின் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த அரசியலிலிருந்து வந்தவர்கள் நாம். குளத்தைத் தொடும் உரிமைக்காக நின்ற மரபுக்கு, அந்தக் குளத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அறியும் உரிமையும் சொந்தம். எந்த நிலம் ‘பயனற்ற நிலம்’ என்று கோப்பில் எழுதப்படுகிறதோ, அங்கேதான் குப்பைமேடும், அனல்மின் சாம்பல் குட்டையும், சுடுதளமும் வருகின்றன. பயனற்றது என்று எழுதியவர் அங்கே ஆடு மேய்த்தவர் அல்ல. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். ராணுவத்தின் களச் சுடுபயிற்சிக்கு நிலத்தை அறிவிக்கை செய்ய இன்றும் பயன்படுவது 1938ஆம் ஆண்டின் சட்டம். போர்ப்பயிற்சி, களச் சுடுபயிற்சி, பீரங்கிப் பயிற்சி மூன்றையும் ஒரே பெயரில் அடைத்து வெள்ளைக்காரன் எழுதியது. சில பக்கங்களே உள்ள சிறிய சட்டம். ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். ஆளுக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் இழப்பீடு உண்டு, அதை வருவாய் அலுவலர் கணக்கிடுவார். குண்டு போடும் நாளில் ஊரைக் காலி செய்யச் சொல்லலாம். மண்ணைச் சோதிக்க வேண்டும், கிணற்றைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. 1938இல் அந்த அறிவு இல்லை என்று விட்டுவிடலாம். 2006இல் இருந்ததே? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தபோது, நாட்டின் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று அதில் விலக்கு எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் பழைய சட்டத்திலேயே நமக்கு உதவும் ஓர் இடம் இருக்கிறது. போர்ப்பயிற்சிக்குப் பயன்படுத்திய நிலத்தை, இயன்ற விரைவில், இயன்ற அளவுக்கு, அதன் முந்தைய நிலைக்குத் திருப்பித் தருவது படைத் தளபதியின் கடமை என்கிறது அது. முந்தைய நிலை என்றால் எது? முதல் குண்டு விழுவதற்கு முன் அந்த மண்ணில் ஈயம் எவ்வளவு, கிணற்றில் என்ன என்று அளந்து எழுதி வைத்திருந்தால்தானே முந்தைய நிலை தெரியும்? சட்டம் ஒரு கடமையைச் சொல்கிறது. அதை நிறைவேற்றத் தேவையான அளவையைச் சொல்லவில்லை. நாம் கேட்கும் ஆராய்ச்சி அந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

ஜார்கண்டின் நேதர்ஹாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 245 கிராமங்களைத் தொடும் சுடுதளத் திட்டம். பெரும்பாலும் ஆதிவாசி ஊர்கள். 1994 மார்ச் மாதம் பயிற்சிக்கு வந்த ராணுவ வண்டிகளை டுடுவாபானியில் மக்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்ற போராட்டம் அது. அதற்குப் பிறகு அங்கே குண்டு விழவில்லை. ஆனாலும் அறிவிக்கை 2022 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான், இனி நீட்டிக்க மாட்டோம் என்று மாநில முதல்வர் அறிவித்தார். 28 ஆண்டுகள் விடாமல் நின்று வென்ற இந்த மக்களுக்கு நம் வணக்கம். அந்த வெற்றிக்கு அடுத்த கேள்வியும் நமக்கு முக்கியம். 1964 முதல் 1994 வரை 30 ஆண்டுகள் அங்கே பயிற்சி நடந்திருக்கிறது. அந்தக் குண்டுகளின் எச்சம் எங்கே? ‘நிலத்தை விடு’ என்ற முழக்கத்தோடு ‘எந்த நிலையில் விடுகிறாய், எழுதிக் கொடு’ என்பதையும் சேர்க்க வேண்டும். போராடிப் பெற்ற நிலத்தில் விளையும் இலுப்பைப் பூவைப் பொறுக்கித் தின்னப் போவது நம் மக்கள்தான்.

நம்மில் பலர் சமூகவியலும் சட்டமும் தமிழும் படித்தவர்கள். வேதியியலை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். அந்த வேறு யாரோ பெரும்பாலும் எதிர்த்தரப்பின் சம்பளத்தில் இருக்கிறார். ஆகவே கொஞ்சம் வேதியியல் பேசுவோம்.

குண்டு சரியாக வெடித்தால் அதன் மருந்து ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடும். மிஞ்சுவது மிகச் சொற்பம். சிக்கல், அரைகுறையாக வெடிப்பவற்றில். குண்டு பிளந்து, உள்ளே இருக்கும் மருந்து கட்டிகட்டியாகச் சிதறும். அப்படி ஒரே ஒரு குண்டு விட்டுப்போகும் மருந்து, ஆயிரக்கணக்கான முழு வெடிப்புகள் விட்டுப்போவதைவிட அதிகம். வெடிக்கவே வெடிக்காமல் புதைந்து, துருப்பிடித்து, மெல்லக் கசிபவை இன்னொரு வகை. சுடும் இடத்திலும் எச்சம் உண்டு: உந்துமருந்தின் நைட்ரோகிளிசரின், டைநைட்ரோடொலுவின். துப்பாக்கித் தளமென்றால் மண்மேட்டில் ஈயமும் ஆன்டிமனியும்.

இவை எல்லாம் மண்ணில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டிஎன்டி மண்ணோடு ஒட்டிக்கொண்டு வேறு சேர்மங்களாக மாறும். ஆர்டிஎக்ஸ் ஒட்டாது, மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீருக்குப் போய்விடும். ராக்கெட்டிலும் புகைக் குண்டிலும் இருக்கும் பெர்குளோரேட் உப்பு அதைவிட வேகமாகப் போகும். டிஎன்டியின் நச்சு புதுச் செய்தியும் அல்ல. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்த பெண்களின் தோல் மஞ்சளாகிப்போய், அவர்களைக் கேனரிக் குருவிகள் என்று ஊர் கேலி பேசியது. ஈரல் கெட்டுச் செத்தவர்கள் அவர்களில் உண்டு. ஆர்டிஎக்ஸ் அதிக அளவில் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். பெர்குளோரேட், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கவலை.

இனி, அளப்பது எப்படி என்பது. தோழர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். மோசடியும் இங்கேதான் நடக்கும், அறியாமையும் இங்கேதான் நடக்கும்.

ஒரு மூட்டை அரிசியில் நாலு கல் கிடக்கிறது. கடைக்காரர் ஒரு கரண்டி அள்ளிக் காட்டி, ‘பாருங்க, கல்லே இல்லை’ என்கிறார். நம் வீட்டில் யாராவது நம்புவார்களா? சுடுதளத்து மண்ணும் அப்படித்தான். எச்சம் மண்ணில் சமமாகக் கரைந்து பரவியிருக்காது; துகளாக, கட்டியாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஓர் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துச் சோதித்தால் ஒன்றுமே இல்லை என்று வரலாம். ஓரடி தள்ளி எடுத்தால் பயங்கரமாக வரலாம். இரண்டுமே அந்த நிலத்தைப் பற்றிய உண்மை அல்ல.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நம் போன்ற போராட்டக்காரர்கள் அல்ல, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் குளிர்ப் பகுதி ஆய்வகம். பனி மூடிய வெளியில் குண்டை வெடிக்கச் செய்து, பனியில் கறுப்பாகப் படிந்த எச்சத்தைச் சுரண்டி எடுத்து அளந்தார்கள். கடைசியில் ஒரு முறையை வகுத்தார்கள். ஒரு பரப்பைக் குறித்துக்கொண்டு, அதில் 30 முதல் 100 இடங்களில் சிறிது சிறிதாக மண் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. ஒரு கிலோவுக்குக் குறையாத அந்த மண் முழுவதையும் மாவாக அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுப்பது. இப்படியே இரண்டு மூன்று முறை திரும்ப எடுத்து, அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. 2006இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதைத் தன் அதிகாரபூர்வ முறையில் சேர்த்துக்கொண்டது. ஆக நாளைக்கு எந்த அதிகாரியாவது ‘நாலு மாதிரி எடுத்தோம், ஒன்றும் இல்லை’ என்று காகிதத்தை நீட்டினால் நாம் கேட்க வேண்டியது: எத்தனை இடத்தில் எடுத்தீர்கள்? எவ்வளவு மண்? அரைத்தீர்களா, அப்படியே மேலாக ஒரு சிட்டிகை எடுத்தீர்களா? எந்தப் பொருளைத் தேடினீர்கள்? எந்த அளவு வரை உங்கள் கருவிக்குத் தெரியும்?

இதைச் சொன்னதும் தேசப் பாதுகாப்பு என்ற பூட்டைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். குண்டுகளைப் பெருமளவில் குவித்து வைத்திருக்கும் நாட்டின் ராணுவ ஆய்வகம், தன் சுடுதளங்களின் பெயரைப் போட்டு, எந்தத் தளத்தில் எந்த எச்சம் எவ்வளவு என்று எழுதிய அறிக்கைகள் பொதுவெளியில் கிடக்கின்றன. அந்த நாட்டின் பாதுகாப்பு அதனால் சரிந்துவிடவில்லை. கிணற்றில் ஆர்டிஎக்ஸ் எவ்வளவு என்பது எதிரிக்குப் பயன்படும் செய்தி அல்ல, அந்தக் கிணற்றில் இறைப்பவருக்குப் பயன்படும் செய்தி.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாட்டில் எந்த மண் ஆராயப்பட்டது, எப்போது ஆராயப்பட்டது என்பதிலேயே நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

அலாஸ்காவில் ஈகிள் ரிவர் என்ற ஆற்று முகத்துவாரச் சதுப்பு நிலம் ஒரு ராணுவச் சுடுதளம். 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே இறங்கிய வாத்துகள் செத்து விழுந்தன. காரணம் தேடி ஆராய்ச்சி நடந்தது. 1990இல் விடை கிடைத்தது: புகைக் குண்டுகளின் வெண் பாஸ்பரஸ். காற்றில் எரிந்துவிடும் பொருள்தான். ஆனால் நீருக்கடியில் சேற்றுக்குள் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். வாத்துகள் விதை என்று நினைத்து அந்தத் துகளைக் கொத்தியிருக்கின்றன. அந்தச் சதுப்பில் வெண் பாஸ்பரஸ் சுடுவதை நிறுத்தினார்கள், பல ஆண்டுகள் செலவு செய்து சேற்றைச் சரிசெய்தார்கள். வாத்துகளுக்கு நியாயம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சிதான்.

அடுத்தது மாசசூசெட்ஸின் கேப் காட். கோடை விடுமுறைக்குப் பேர் பெற்ற, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் கடலோரம். அங்குள்ள ராணுவத் தளத்துக்கு அடியில்தான் அந்த வட்டாரத்தின் ஒரே குடிநீர் ஆதாரமான நிலத்தடி நீர். குடியிருப்பவர்கள் கேள்வி கேட்டார்கள், கூட்டம் கூட்டமாகப் போய் நின்றார்கள். 1997இல் சுற்றுச்சூழல் முகமை குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையிட்டு, அங்கே குண்டுப் பயிற்சியை நிறுத்தியது. ஒரு ராணுவப் பயிற்சியைச் சுற்றுச்சூழல் ஆணை நிறுத்தியது அந்த நாட்டில் அதுவே முதல்முறை. நிலத்தடி நீரில் ஆர்டிஎக்ஸும் பெர்குளோரேட்டும் கண்டுபிடிக்கப்பட்டன. 2006இல் அந்த மாநிலம் குடிநீரில் பெர்குளோரேட்டுக்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தது. மேலே சொன்ன மண் ஆராய்ச்சிக்குப் பெரிய அளவில் பணம் பாய்ந்ததும் இந்த ஆணைக்குப் பிறகுதான். முதலில் மக்கள் தட்டினார்கள், பிறகு சட்டம் வந்தது, அதற்குப் பிறகே அறிவியல் வந்தது. ‘முதலில் அறிவியல் ஆதாரம் கொண்டு வா, பிறகு பேசலாம்’ என்று நமக்குச் சொல்கிறவர்களிடம் இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

இப்போது அதே நாட்டின் காலனி. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கஸ் ஒரு சின்னத் தீவு. மக்கள் சுமார் 9,000 பேர். 1940களில் தீவின் முக்கால் பங்கை அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டது. நடுவில் மக்கள், இரு பக்கமும் கடற்படை. கிழக்கு முனை குண்டு போடும் இடம். 1999இல் இலக்குத் தவறிய குண்டுகளுக்குத் தளத்தின் காவலாளியாக இருந்த தீவுக்காரர் ஒருவர் பலியானதும் தீவே கொதித்தெழுந்தது. சுடுதளத்துக்குள்ளேயே போய்க் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2003 மே மாதம் கடற்படை வெளியேறியது. அதே 1999இல், செறிவு குறைந்த யுரேனியத் தோட்டாக்கள் 263 அங்கே சுடப்பட்டதும் வெளியே வந்தது.

சரி, நோய்? தீவு மக்கள் புற்றுநோய் அதிகம் என்றார்கள். போர்ட்டோ ரிக்கோவின் சுகாதாரத் துறைக் கணக்கும் அப்படியே காட்டியது. ஒன்றிய அரசின் நச்சுப்பொருள் முகமை 2003இல் ஆபத்து இல்லை என்றது. எதிர்ப்பு கிளம்ப, 2009இல் அந்த முடிவை மீண்டும் ஆராய்கிறோம் என்றது. 2013இல் மறுபடியும், தீங்குக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று முடித்தது. இதில் ஒரு கணக்குச் சூழ்ச்சி இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். 9,000 பேரில் ஓர் அரிய நோய் இரண்டு மடங்கானாலும் அது தற்செயலா இல்லையா என்று புள்ளியியல் எளிதில் சொல்லாது. சின்ன ஊருக்குப் பெரிய எண்ணிக்கை கிடையாது. ஆகவே சின்ன ஊரின் நோய் எப்போதும் ‘நிரூபிக்கப்படாதது’. ஆய்வு நேர்மையாக நடந்தாலும் இதே விடை வரும். ஆதாரம் கிடைக்கவில்லை என்பது கேடு இல்லை என்பதாக அச்சில் மாறும்போதுதான் அறிவியல் அரசியலாகிறது. இன்னொன்று: கடற்படையின் நிலத்தில் பெரும்பகுதியை வனவிலங்குக் காப்பிடமாக அறிவித்துவிட்டார்கள். மனிதர் குடியிருக்காத இடமென்றால் குறைவாகச் சுத்தம் செய்தால் போதும். தோசமைதானின் சுற்றுலாப் பலகையைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது.

‘ஆதாரம் இல்லை’ நமக்குப் புதிய வாசகமா என்ன? கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது. மலக்குழியில் செத்தவர்களை ‘ஆபத்தான முறையில் சுத்தம் செய்தவர்கள்’ என்று வேறு பெயரில் வேறு பட்டியலில் வைத்திருந்தார்கள். பட்டியலின் தலைப்பை எழுதுபவர் கையில்தான் பிணத்தின் எண்ணிக்கை. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த வழக்கில், அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமும் ரத்த மாதிரி கேட்டது அரசு. யாரிடம் மாதிரி எடுப்பது, எதைத் தேடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் நம் பக்கம் இருந்ததே இல்லை.

ஆகவே நாம் கேட்கும் ஆராய்ச்சி, அமெரிக்க அறிக்கையை இறக்குமதி செய்வது அல்ல. அவர்கள் பனியிலும் மணற்பாங்கான கடலோர மண்ணிலும் அளந்தார்கள். நம் நாட்டின் சுடுதளங்கள் செம்மண்ணிலும் கரிசலிலும் பாலை மணலிலும் பாறைத் தரையிலும் இருக்கின்றன. ஓர் ஆண்டின் மழை இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கும் இடத்தில் ஒரு ஆர்டிஎக்ஸ் கட்டி எவ்வளவு வேகமாகக் கரையும்? 45 டிகிரி வெயிலில் என்ன ஆகும்? பாறை வெடிப்புகள் வழியே நீர் ஓடும் பூமியில் எந்தக் கிணற்றுக்கு முதலில் வரும்? கேப் காட்டின் மணலில் வரைந்த கணக்கு இங்கே செல்லாது. இதை நம் மண்ணில் நம் பல்கலைக்கழகங்கள்தான் அளக்க வேண்டும்.

உடம்பும் வேறு. நச்சு மதிப்பீட்டில் ஒரு ‘சராசரி மனிதர்’ வருவார். நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிப்பார். மே மாதத்தில் வரப்பு வெட்டும் கூலிக்காரர் எத்தனை லிட்டர் குடிக்கிறார் என்று நம் அம்மாக்களைக் கேளுங்கள். குளத்து மீன், வேலியோரக் கீரை, அங்கே மேய்ந்த ஆட்டின் பாலும் ஈரலும், வீட்டுத் தரை மெழுக எடுத்த மண்: இவையெல்லாம் அந்தச் சராசரி மனிதரின் வாழ்க்கையில் இல்லை. எந்த வழியாக நஞ்சு உடம்புக்குள் போகிறது என்பதை அந்த ஊரில் உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் தெரியும். சமூகவியல் படித்தவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது, பெரிய வேலை.

உலோகம் பொறுக்குகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பித்தளைக்கும் செம்புக்கும் காயலான் கடையில் நல்ல விலை. வெடித்த ஓட்டைப் பொறுக்கி, வெடிக்காததைப் பிளந்து, கம்பியை எரித்து உலோகத்தை எடுக்கிறார்கள். 2018 நவம்பர் 20 அன்று மகாராட்டிரத்தின் வார்தா மாவட்டத்தில், புல்காவ் வெடிமருந்துக் கிடங்கருகே, காலாவதியான குண்டுகளை அழிக்கும் இடத்தில் வெடித்து 6 பேர் செத்தார்கள். அவர்களில் ஒப்பந்தக்காரர் பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டிவந்த கூலிகள் இருந்தார்கள். இப்படிப்பட்ட செய்திகளில் ‘கிராமவாசிகள்’ என்று போடுவார்கள். நிலம் உள்ளவர் அந்த வேலைக்குப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்று சொல்வது ஆய்வாகாது. சுடுதளத்தைச் சுற்றி உலோகம் பொறுக்குவோர் யார், எந்தச் சாதி, எவ்வளவு நிலம், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்ற கணக்கு வேண்டும். சாதியைக் கேட்காத சுற்றுச்சூழல் ஆய்வு பாதி ஆய்வுதான்.

நம்மை ராணுவத்துக்கு எதிரிகள் என்பார்கள். அம்பேத்கர் பிறந்த மோவ் ஒரு ராணுவ நகரம். அவர் தந்தை சுபேதார். அங்கே இன்றும் காலாட்படைப் பள்ளி இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் சுடுதளம் இருக்கிறது. நம் சேரிகளிலிருந்து படைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் புகையை முதலில் இழுப்பவர் அதிகாரி அல்ல, சிப்பாய். இந்த ஆராய்ச்சி அவருக்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. நான்கு நாள் கழித்துப் பிள்ளை இறந்துபோனான். தளத்தை மூடு என்று மக்கள் கேட்டார்கள், நியாயமான கோரிக்கை. தோட்டா எவ்வளவு தூரம் பறக்கும் என்று அன்று எல்லோரும் பேசினோம். அந்த மண்மேட்டில் ஆண்டுக்கணக்காகப் புதைந்த ஈயம் மழையில் எவ்வளவு தூரம் போகும் என்பதும் இனி பேச்சுக்கு வர வேண்டும்.

நம்மால் அளக்க முடியாது என்பதும் பொய். பெர்குளோரேட் என்ற அதே உப்பு பட்டாசிலும் உண்டு. ஜப்பானிய, தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து சிவகாசி, மதுரைப் பகுதிகளில் 60 நிலத்தடி நீர் மாதிரிகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். பட்டாசு ஆலைப் பகுதியில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை இருந்தது. மாசசூசெட்ஸின் எல்லையைப் போல 3,800 மடங்குக்கும் மேல். கேரளத்தில் ஆலுவா அருகே கீழ்மாடு ஊராட்சியில் இஸ்ரோவின் பெர்குளோரேட் ஆலையை ஒட்டிய கிணறுகளில் அது கலந்திருப்பதைத் திருவனந்தபுரத்தில் உள்ள ஒன்றிய அரசு ஆய்வகமே கண்டுபிடித்தது. கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். நம் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500இல் பெர்குளோரேட் என்ற சொல்லும் இல்லை, ஆர்டிஎக்ஸ் என்ற சொல்லும் இல்லை. எல்லை வகுக்காத நஞ்சு எல்லை மீறாது. குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் பார்த்து, குடிக்கலாம் என்று முத்திரை குத்தித் தருவார்கள்.

எங்கே தொடங்குவது? முதலில் ஒரு எச்சரிக்கை: எந்தச் சுடுதளத்துக்குள்ளும் போகாதீர்கள், தரையில் கிடக்கும் எதையும் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். மண் எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. நமக்கு வெளியே இருக்கும் கிணறுகள் போதும்.

1938 சட்டத்தின் கீழ் வரும் அறிவிக்கைகள் மாநில அரசிதழில் வருபவை, ரகசியம் அல்ல. உங்கள் மாவட்டத்தில் எந்த ஊர்கள் அதில் இருக்கின்றன, எந்தத் தேதி வரை என்று ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் கேளுங்கள். போலீஸ் சுடுதளங்களுக்குத் தனியாக மனு போடுங்கள். தளத்தைச் சுற்றியுள்ள நீர்நிலைகளைக் கடைசியாக எப்போது, எந்தப் பொருள்களுக்காகச் சோதித்தீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் காட்டி 8(1)(அ) பிரிவில் மறுத்தால், பொதுநலன் பெரிது என்று 8(2) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். வேதியியல், நிலவியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது இதை முன்வையுங்கள். வழிகாட்டி தயங்கினால் சிவகாசி ஆய்வைக் கையில் கொடுங்கள்.

அரசு மாதிரி எடுக்க வரும் நாளில் ஊர் முழுக்க நிற்க வேண்டும். எடுத்த இடம், நேரம், ஆழம் எல்லாவற்றையும் நம் நோட்டிலும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, பாதியை முத்திரையிட்டு ஊராட்சியிடம் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டுத் தை பிறந்ததும் ஒரு தடவை, அதே கிணற்றில், அதே ஆழத்தில்.